வண்டியை விட்டு இறங்கி நடக்கும் விளையாட்டு

ஆத்தா,

அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு, "பொறு, சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசி நழுவினேன். நீயும் வற்புறுத்தவில்லை. உனக்கு எவ்வளவு அவசரம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீயும் உன் கூட்டாளிகள் இரண்டு பேரும் பெங்களூரில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகச் செய்த விளையாட்டு வெளியே வரப்போகிறது. அது வந்த கையோடு நீ ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறாய். இரண்டுக்கும் முன்னால் உனக்கு என் பதில் வேண்டும். அதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே மறுபடியும் மழைக்கும் முழங்காலுக்கும் போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். ஆயுசு முழுக்க ஜீப்பு ஓட்டின கை. எழுத்து மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். நிதானமாகப் படி.

பொங்கல் லீவில் வந்தபோது உன் பழைய லேப்டாப்பை நம் வீட்டு டிவியில் மாட்டி, இரண்டு கட்டைவிரலுக்கும் இரண்டு குமிழ் வைத்த அந்தக் கருவியை என் கையில் கொடுத்தாய். "அப்பா, இது நான் பண்ணுனது. நீங்கதான் மொதல்ல வெளையாடணும்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வயசில் எனக்கு விளையாட்டா என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "இதுல ஒரு எடம் இருக்குப்பா. அது இருக்கக் கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா எடுத்துர்றேன்" என்றாய். எந்த இடம் என்று கேட்டதற்கு, "போனாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்சுக்குக் கிளம்பிவிட்டாய். நீ என்ன வேலை செய்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றா" என்றுதான் நான் சொல்லிவந்தேன். வீடியோ கேம் என்றால் எனக்குத் தெரிந்தது, கடைத்தெருவில் பையன்கள் போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு "சுடுறா, சுடுறா" என்று கத்துவது மட்டும்தான்.

இல்லை, இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். உன் அம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில், லீவு போட்டு வந்து அவள் பக்கத்திலேயே நீ இருந்தாய். மத்தியான நேரங்களில் கட்டில் ஓரத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு ஆட்டம் ஆடுவாய். கடல் நடுவில் ஆள் இல்லாத ஒரு தீவு. அங்கே வாழ்ந்த சனம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. நீ அந்தத் தெருக்களில் தனியாக நடந்துகொண்டே இருப்பாய். முதலில் உன் அம்மா சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "அங்கிட்டு ஒரு கதவு இருக்கு பாரு, அதத் தொறக்காம எங்க போற?" என்பாள். "பூட்டிருக்கும்மா" என்பாய். "பூட்டுனவ சாவிய எங்கயாச்சும் வச்சிட்டுத்தான போயிருப்பா. வெரசா ஓடாத. நின்னு பாரு" என்பாள். நான் கஞ்சி கொண்டுவந்தால் கையைக் காட்டி நிறுத்துவாள். "செத்த இருங்க, அந்த வீட்ல யாரு இருந்தாங்கன்னு இப்பத் தெரியப்போவுது." நான் பாமரத்தனமாக, இதில் எதிரி யார் என்று கேட்டேன். "எதிரியெல்லாம் கெடையாது. அந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும், அம்புட்டுத்தான்" என்றாள். ஊசி போட்டாலும் அடங்காத வலியை அந்தத் தீவு கொஞ்ச நேரம் அடக்கிவைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்படிப்பட்ட ஆட்டங்களை உலகத்தில் நிறையப் பேர் செய்கிறார்கள், நிறையப் பேர் ஆடுகிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நீயும் அப்படி ஒன்றைச் செய்வாய் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

நீ பெங்களூர் போன மறுநாள் காலையில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். திரையில் வெள்ளையாக மூடுபனி. கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள்ளிருந்து ஒரு ஜீப்பு தெரிந்தது. மண் ரோட்டு வளைவில் நிற்கிறது. இன்ஜின் அணைந்து சூடு ஆறும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, அது கேட்கிறது. பின்பக்கம் படுதா திறந்து கிடக்கிறது. உள்ளே ஆள் இல்லை. நான்தான் டிரைவர். யாரோ ஒருவர் இறங்கிப் போயிருக்கிறார், அவரைத் தேட வேண்டும். ஒரு வார்த்தை எழுத்துகூட இல்லாமல் இத்தனையும் எனக்குப் புரிந்தது. அது எப்படி ஆத்தா? கருவியை வைத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் கட்டிய சிவப்புத் துணி, ஸ்டியரிங்கில் சுற்றிய சைக்கிள் டியூப், இடதுபக்கக் கதவில் கம்பி போட்டுக் கட்டிய பிடி. என் வண்டி. விற்று எத்தனையோ காலம் ஆகிவிட்ட என் வண்டியை, கதவின் முனகல் சத்தத்தோடு என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய்.

முதல் சில நாள் நான் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லாதே. ஒரு குமிழ் நடக்க, ஒரு குமிழ் பார்க்க. நான் நடந்தால் வானத்தைப் பார்த்தேன், பார்த்தால் பாறையில் முட்டிக்கொண்டேன். அப்போதுதான் சின்னச்சாமி வந்து சேர்ந்தான். என் கூடவே போடியிலிருந்து மலைமேல் ஏலத்தோட்ட எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்பு ஓட்டினவன், இப்போது என்னைப் போலவே சோலி இல்லாமல் இருக்கிறவன். வாசலில் நின்று டிவியைப் பார்த்தவன் செருப்பைக் கழற்றாமலேயே உள்ளே வந்துவிட்டான். "மாப்ளே, இது நம்ம வண்டியில்லையா!" என்றான். அன்றிலிருந்து தினமும் வந்துவிடுவான். முதல் நாள் அவன் கேட்டது, "துப்பாக்கி எப்ப குடுப்பாங்க?" இதில் துப்பாக்கி கிடையாது என்றேன். "அப்ப ஆனையாச்சும் வருமா?" வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னத்த மாப்ளே, நடந்துக்கிட்டே இருக்க. கஷ்டப்பட்டு ஓட்டுன மலையில இப்ப டிவியிலயும் நடக்கணுமா?" என்று சலித்துக்கொண்டான். ஆனால் எழுந்து போகவில்லை. நான் டீ போடப் போன நேரத்தில் கருவியை எடுத்துத் தானே ஆட ஆரம்பித்திருந்தான்.

அந்த மூடுபனிக்கு நீ வைத்த விதியை முதலில் கண்டுபிடித்தவனும் அவன்தான். நான் வேகமாக நடக்க நடக்கப் பனி கெட்டியானது. ரோடு தெரியவில்லை, மரம் தெரியவில்லை, திரும்பத் திரும்ப வண்டியிடமே வந்து நின்றேன். சின்னச்சாமி கையில் கருவி இருந்தபோது பீடி எடுக்க மடியைத் தடவினான். வீட்டுக்குள் பிடிக்காதே என்று நான் சொல்ல, அவன் ஏதோ பதில் சொல்ல, கருவி அவன் மடியில் சும்மா கிடந்தது. திரும்பிப் பார்த்தால் பனி விலகி, ரோட்டுக்கு மேலே சரிவில் ஒரு ஒற்றையடிப் பாதை. அசையாமல் நின்றால் பனி விலகும்! காதைக் கொடுத்தால் தண்ணீர் விழும் சத்தம், மரங்கொத்தி, எங்கோ யாரோ விறகு பிளப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். சத்தம் வரும் திசையில் வழி இருக்கும். அம்புக்குறி இல்லை, "இங்கே போ, அதை எடு" என்கிற அதிகாரம் இல்லை. ஆடுகிறவனுக்குக் கண்ணும் காதும் பொறுமையும் இருக்கும் என்று நம்பி இதைச் செய்திருக்கிறாய். எதிரே வருகிற வண்டிக்கெல்லாம் ஹாரன் அடித்து, முன்னால் போகிற வண்டியை எல்லாம் முந்தி, ஒரு நடை முடிந்ததும் அடுத்த நடை என்று ஓடினவன் நான். என்னை நிற்கவைத்து மரங்கொத்தியின் சத்தத்தைக் கேட்கவைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு எங்கள் பாடு கொண்டாட்டம்தான். வழியில் நீ விட்டுவைத்த ஒவ்வொன்றும் ஒரு சேதி. ஓடைக் கல்லின் மேல் ஒரு பெண் கழற்றிவைத்த செருப்பு. செருப்பு ஈரமாக இல்லை, ஆனால் கல் ஈரமாக இருக்கிறது. அப்படியென்றால் கால் கழுவிவிட்டு வெறுங்காலோடு மேலே போயிருக்கிறாள். கிளையில் தொங்கும் சாப்பாட்டுத் தூக்கு கனமாக இருக்கிறது, திரும்பி வரப்போகிறாள். ஏலச்செடிகளுக்கு அடியில் ஆள் உட்கார்ந்து நகர்ந்த தடம் இல்லை, அப்படியென்றால் காய் எடுக்க வந்தவள் இல்லை. நானும் சின்னச்சாமியும் டீ ஆறிப்போவது தெரியாமல் வாக்குவாதம் செய்தோம். "காதலிச்சவனப் பாக்கப் போயிருப்பா" என்றான் அவன். "சாமி கும்புடப் போயிருப்பா" என்றேன் நான். தோட்டத் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குள் போனோம். புகை படிந்த சுவர், அடுப்பு மேட்டில் காய்ந்த இஞ்சித் துண்டு, கொடியில் அட்டைக்கடிக்குப் பயந்து போடும் நீளக் காலுறை. காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் நுழைந்தபோது சின்னச்சாமி மூக்கை உறிஞ்சினான். "வாடை வருதுல்ல மாப்ளே?" டிவியில் எப்படி வாடை வரும்? எனக்கும் வந்தது.

சுற்றித் திரிந்து மறுபடியும் வளைவுக்குத் திரும்பி, அங்கே நிற்கும் பலாமரத்துக்குக் கீழே வந்தபோதுதான் எறும்புகளைப் பார்த்தேன். தரையோடு தரையாக ஒரு சாரை. ஒவ்வொன்றின் வாயிலும் பொடிப்பொடியாகச் சிவப்பு. நின்று உற்றுப் பார்த்தேன். தேன்மிட்டாய்த் துணுக்கு.  மலையடிவாரத்து முந்தலில், மேலே ஏறுமுன் நான் வண்டியை நிறுத்தும் கடையில், என் வண்டியில் எஸ்டேட்டுக்கு வரும்போதெல்லாம் உன் அம்மா தவறாமல் தேன்மிட்டாய் வாங்குவாள். தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அவள் அதைத் தின்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை. போடிமெட்டைத் தாண்டி, தார் ரோட்டை விட்டு எஸ்டேட் மண் ரோட்டில் ஏறியதும், இதே பலாமரத்து வளைவில், "தல சுத்துது, எறக்கி விடுங்க. நான் குறுக்குப் பாதையில நடந்து வந்துர்றேன்" என்பாள். நான் ரோட்டில் சுற்றி எஸ்டேட்டுக்குப் போய்ச் சேரும்போது அவளும் வந்து சேர்ந்திருப்பாள். வளைவுகளில் அவளுக்குக் குமட்டும் என்று நான் கடைசிவரை நம்பினேன். இறங்கிப் போனவள் யார், நீ யாரைத் தேட வைத்திருக்கிறாய் என்பது அந்த எறும்புகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பக்கத்தில் சின்னச்சாமி மெதுவாக எழுந்தான். "நான் அப்புறம் வர்றேன் மாப்ளே" என்று சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.

எறும்புச் சாரையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். சரிவின் மேலே, தண்ணீர் அடிக்காத ஒரு மேட்டில், மூன்று கல். கையகலக் கல்தான். நடுவில் தாள் மடிப்பு. வேறு ஒன்றும் இல்லை. பெயர் இல்லை, எழுத்து இல்லை, இசை இல்லை. நீ சொன்ன இடம் அதுதான் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உனக்கு இதை அம்மாதான் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் தெரிந்துகொள். எங்கள் தலைப்பிள்ளைக்காக அவள் அவளுடைய அம்மா வீட்டுக்கு, எஸ்டேட் லயத்துக்குப் போயிருந்தாள். நான் கீழே போடியில். அடைமழை. ரோட்டில் மண் சரிந்து மரம் விழுந்து எந்த வண்டியும் ஏறவில்லை. பிள்ளை பிறந்த சேதி கீழே வந்தது, அதற்குப் பின்னால் நடந்த சேதி வந்து சேரவில்லை. மறுநாள் சரிந்த மண்ணைக் கொஞ்சம் ஒதுக்கியதும் விடிந்தும் விடியாமலும் வண்டியை எடுத்தேன். ரோடு அறுந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, அந்தச் சேற்றில் விழுந்து எழுந்து மேலே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆண் பிள்ளை. பகல் முழுக்க இருந்து, பொழுது சாயும்போது அடங்கிவிட்டதாம். மழையோடு மழையாக எஸ்டேட் ஆட்கள் கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். எந்த இடம் என்று கேட்டேன். பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் அப்பு, பாத்தா மனசு தாங்காது" என்றார்கள். உன் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீ பிறந்தாய், வீடு நிறைந்தது. அவள் மறந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். நான் மறந்துவிட்டேன் என்று அவள் நினைத்திருக்கலாம்.

அந்தக் கற்களின் முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் கருவியைக் கீழே வைத்துவிட்டேன். ஆட்டத்தில் டிரைவரும் தானாக உட்கார்ந்தான். பனி விலகிக்கொண்டே போனது. இதுவரை காட்டாத அளவுக்கு விலகி, சரிவு முழுக்கவும் கீழே ரோடும் நூல் பிரித்துப் போட்டதுபோலத் தெரிந்தது. அப்புறம் ஒரு ஹாரன். இரண்டு குட்டை, ஒரு நீளம், ஒவ்வொரு வளைவிலும் நான் அடிப்பதுபோல. அடுத்த வளைவில் மறுபடியும். அடுத்ததில் மறுபடியும். அவள் இங்கே உட்கார்ந்து, நான் எந்த வளைவில் வருகிறேன் என்பதைக் காதால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசி ஹாரன் கேட்டதும் எழுந்து போய் எனக்கு முன்னால் எஸ்டேட் வாசலில் நின்றிருக்கிறாள். அவளை ஒருதடவைகூட நீ திரையில் காட்டவில்லை. காட்டாமலேயே, அவளோடு இத்தனை வருஷம் வாழ்ந்த எனக்கு அவளைக் காட்டிவிட்டாய். வேண்டிய இடத்தில் உதவாத புத்திசாலித்தனம் எத்தனையோ பேரிடம் இருக்கிறது ஆத்தா. உன் புத்தி, உன் படிப்பு, நீ கண்விழித்து வரைந்து போட்ட ஒவ்வொரு இலையும் வேண்டிய இடத்துக்கு வந்து நின்றிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது உண்மைதான். அதைவிடப் பெருமை பெரிதாக வந்தது.

அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது. "ஒங்கிட்டச் சொன்னவ எங்கிட்ட ஏன் சொல்லல?"  நீ சொன்னாய். "சின்னப் புள்ளையில லீவுக்கு என்னையக் கூட்டிட்டுப் போனப்ப நானும் கேட்டேன்ப்பா. 'ஒங்கப்பா தெனம் அந்த வளைவுல வண்டி திருப்பணும். வண்டி நெறைய பொம்பளைக உக்காந்திருக்காங்க. மேல யாரு இருக்கான்னு தெரிஞ்சா அவரு கை நடுங்கும். அவருக்கும் சேத்து நான் போயிட்டு வர்றேன்'னு சொன்னாங்க." அதற்குப் பிறகுதான் நீ கேட்டாய், "எடுத்துறவாப்பா?" என்று. மேலே ஒருதடவை போய்விட்டு வந்து சொல்ல வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

சின்னச்சாமி அவன் மகனின் ஜீப்பைக் கொண்டுவந்தான். மகனை ஓட்டவிடாமல் அவனே ஓட்டினான். முந்தலில் நிறுத்தினான், நான் கேட்காமலேயே. நான் கடைக்குப் போய்த் தேன்மிட்டாய் வாங்கித் தாளில் மடித்துக்கொண்டேன்.  மண் ரோட்டில் ஏறியதும் சொன்னான், "எனக்குத் தெரியும் மாப்ளே. எம்பொண்டாட்டி சொல்லியிருக்கா. ஒன் வண்டியில வந்த பொம்பளைக அம்புட்டுப் பேருக்கும் தெரியும். ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்துச்சு ஒம் பொண்டாட்டி." நான் முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கேலி செய்துகொண்டும், பாட்டுப் போடச் சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டும் எத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த பெண்கள்! ஒருத்தி வாயிலிருந்துகூட ஒரு சொல் நழுவவில்லை. என் கை நடுங்கக் கூடாது என்று வண்டி முழுக்கக் காவல் இருந்திருக்கிறது.

பலாமரத்து வளைவில் இறங்கினேன். அந்தப் பாதையில் அதற்கு முன்னால் நான் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் எனக்கு வழி தெரிந்திருந்தது. ஓடைக்கு முன்னால் இடதுபக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்தது. வழுக்கும் கல் எது என்று தெரிந்தது. நீ ஒரு தடவை போன வழியை எப்படி இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்திருந்தாய் என்று வியந்துகொண்டே ஏறினேன். முழங்கால் கெஞ்சியது, நின்று நின்று போனேன். நின்றபோதெல்லாம் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டது. எஸ்டேட் கைமாறிவிட்டது, செடியெல்லாம் புதுசு. மேலே இருந்து மேற்பார்வை பார்க்கும் மலையாளத்துப் பையன் ஓடிவந்தான். "சேட்டா, எங்கோட்டா? இது வழியில்ல கேட்டோ" என்றான். சின்னச்சாமி அவனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். பையன் முகம் மாறியது. "ஆ மூணு கல்லா? வாங்க, வாங்க" என்று தமிழும் மலையாளமுமாகப் பேசிக்கொண்டு முன்னால் நடந்தான். "அங்கே ஞங்கள் கொத்தறதில்ல சேட்டா. புதுசா செடி வச்சப்ப முதலாளி எல்லாம் கொத்தச் சொன்னாரு. பெண்ணுங்க மம்பட்டியக் கீழ போட்டு நின்னுட்டாங்க. அங்க ஒரு கொச்சு, சின்னப் புள்ள, இருக்கு, தொடக் கூடாதுன்னு பறஞ்சு. யாரோட கொச்சுன்னு ஆர்க்கும் தெரியாது. பழைய ஆளுங்க சொல்லிட்டுப் போனதாம்."

சுற்றிலும் ஏலச்செடி ஆள் உயரத்துக்கு நிற்க, நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம் சுத்தமாக இருந்தது. கல் மூன்றும் இருந்தன. நான் உட்கார்ந்தேன். சின்னச்சாமியும் அந்தப் பையனும் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். மிட்டாயை வைத்தேன். என்ன பேசினேன் என்று எழுத வேண்டியதில்லை, அது எனக்கும் அவனுக்கும். திரும்பி வளைவுக்கு வந்ததும், "நான் ஓட்டுறேன், எறங்கு" என்றேன். சின்னச்சாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சு இல்லாமல் இறங்கிக்கொண்டான். வளைவைத் திருப்பினேன். கை நடுங்கவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எடுக்காதே. ஒரு கல்லைக்கூட நகர்த்தாதே. யார் யாரோ, எந்த எந்த ஊரிலோ உட்கார்ந்து அந்த மலையில் நடக்கப்போகிறார்கள். அவர்களுக்கு உன் அம்மாவைத் தெரியாது, போடி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஓடினால் பனி மூடும், நின்றால் விலகும் என்பது மட்டும் தெரிந்தால் போதும், அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். போகிறவர்கள் போகட்டும். இத்தனை வருஷம் அவள் ஒருத்தியாகப் போய்வந்தாள், இனி ஆள் வரட்டும். கூட்டாளிகளிடம் நான் சம்மதம் சொன்னேன் என்று சொல். அந்த மரங்கொத்தியைச் செய்தது யாரோ, அவரை நான் தனியாக விசாரித்ததாகவும் சொல்.

ஜெர்மனியில் குளிர் எலும்பைத் துளைக்கும் என்கிறார்கள். வேளைக்குச் சாப்பிடு. புது ஊரில் யார் எப்படி என்று சட்டென்று முடிவு கட்டாதே, நின்று பார். நிறையச் சம்பாதிக்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்து, சத்தம் இல்லாத ஆட்டத்தை யார் வாங்குவார்கள் என்று உனக்கே சந்தேகம் வரும் நாள் இருக்கும். அன்றைக்கு, சுடுவதற்குத் துப்பாக்கி கேட்ட சின்னச்சாமி இப்போது மூன்றாம் தடவையாக முதலிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறான் என்பதை நினைத்துக்கொள். ஸ்டோருக்குப் பின்னால் இன்னும் ஒரு கதவு இருக்கிறதாம், அதைத் திறக்காமல் விடமாட்டானாம்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். இது உன் அம்மாவுக்கும் தெரியாது. அன்றைக்கு மழையில் மலை ஏறும்போது, எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரியாமல், வண்டியில் தனியாக உட்கார்ந்து நான் ஒரு பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இன்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று உரக்கவே கூப்பிட்டேன். போய்ச் சேர்ந்த பிறகு அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. விளையாட்டில் எங்காவது எழுதினாலும் சரி, எழுதாமல் விட்டாலும் சரி, உன் இஷ்டம். ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அண்ணன் பெயர் கதிரேசன்.

இப்படிக்கு,
உன் அப்பா